பீரங்கிக்குக் கட்டிய சுவரில் தெரு ஓவியங்கள்

வானத்திலிருந்து எடுத்த படத்தில் பார்த்தால், நெஃப்-பிரிசாக் ஊர் மார்கழி மாத வாசலில் போட்ட நட்சத்திரக் கோலம் மாதிரி இருக்கும். எட்டு மூலை, நடுவே ஒரு சதுர மைதானம், அதைச் சுற்றிச் சதுரம் சதுரமாக வீடுகள், வெளியே பச்சைப் புல் படர்ந்த அகழி. தரையில் நின்று பார்த்தால் இந்த அழகு ஒன்றும் தெரியாது. கோல்மார் நகரிலிருந்து வயல்களுக்கு நடுவே வரும் பயணிக்கு, ஊர் பக்கத்தில் வந்தபிறகும் தென்படாது. மண்மேடு, பள்ளம், அதற்குப் பின்னால் இளஞ்சிவப்புக் கல் மதில், அதற்கும் பின்னால் ஒரு சர்ச் கோபுரம். அவ்வளவுதான். எதிரியின் கண்ணுக்கும் பீரங்கிக்கும் எட்டக் கூடாது என்று திட்டம் போட்டுத் தாழ்வாகக் கட்டிய ஊர் இது.

பிரான்சின் கிழக்கு ஓரத்தில், அல்சாஸ் பகுதியில், ரைன் நதிக்குச் சில கிலோமீட்டர் மேற்கே இருக்கிறது. ஆற்றைத் தாண்டினால் ஜெர்மனி. மக்கள்தொகை ஏறக்குறைய 2,000. இவ்வளவு சின்ன ஊரின் கோட்டை மதிலுக்குள், வீரர்கள் பதுங்கியிருக்கக் கட்டிய வளைவுக் கூரை அறைகளில், 2018-ல் ஓர் அருங்காட்சியகம் திறந்தது. பெயர் மோசா வோபான். உள்ளே இருப்பவை வாளும் துப்பாக்கியும் அல்ல. பாரிஸ், நியூயார்க், பிரஸ்ஸல்ஸ் தெருக்களில் ராத்திரியோடு ராத்திரியாகச் சுவரில் வரைந்து வளர்ந்த ஒரு கலையின் ஓவியங்கள்.

தெரு ஓவியத்துக்கு அருங்காட்சியகமா என்ற கேள்வி உடனே எழும். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேட, முதலில் இந்தச் சுவர் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும்.

1697-ல் ஐரோப்பிய வல்லரசுகள் கூடி ரைஸ்விக் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அதன்படி பதினான்காம் லூயி மன்னர் ரைன் நதியின் கிழக்குக் கரையில் தன் வசம் இருந்த இடங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அவற்றில் முக்கியமானது, ஆற்றங்கரைப் பாறைமேல் நிற்கும் பிரைசாக் என்ற கோட்டை நகரம். ஆற்றுக்கு நடுவே தீவில் பிரெஞ்சுக்காரர்கள் எழுப்பியிருந்த புதுக் குடியிருப்பையும் இடித்துத் தள்ள வேண்டும் என்று நிபந்தனை. மரத்தாலும் கூரையாலும் அவசரமாக எழுந்த அந்த ஊரை அக்கம்பக்கத்தார் வைக்கோல் நகரம் என்றே சொல்லிவந்தார்கள். எல்லையில் திடீரென்று ஒரு ஓட்டை. அதை அடைக்க, மேற்குக் கரையில் வெறும் சமவெளியில் ஒரு புதுக் கோட்டை நகரம் வேண்டும் என்றார் மன்னர். பொறுப்பு மன்னரின் கோட்டைப் பொறியாளர் செபாஸ்தியன் வோபானிடம் போனது.

இந்த உடன்படிக்கை தமிழ் நிலத்தையும் தொட்டது. 1693-ல் டச்சுக்காரர்கள் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடுங்கிக்கொண்ட புதுச்சேரியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதும் ரைஸ்விக்கில் முடிவானதுதான். 1699-ல் ஊர் கைக்கு வந்ததும் பிரெஞ்சு ஆளுநர் பிரான்சுவா மார்த்தேன் அங்கே ஐந்து கொத்தளங்கள் கொண்ட கோட்டையைக் கட்டத் தொடங்கினார். பெல்ஜிய எல்லையில் வோபான் அமைத்த தூர்னே கோட்டையை மாதிரியாக வைத்துக் கட்டிய அதற்கு லூயி கோட்டை என்று பெயர். 1761-ல் ஆங்கிலேயர் அதை அடியோடு தகர்த்தார்கள். இன்று புதுச்சேரி பாரதி பூங்காவைச் சுற்றி நடப்பவர்கள் அந்தக் கோட்டை நின்ற மண்ணில்தான் நடக்கிறார்கள். ஒரே உடன்படிக்கையில் ரைன் கரையில் இழந்ததும் வங்கக் கடலோரம் பெற்றதும் நடந்திருக்கின்றன. வோபான் மரபில் பிறந்த இரண்டு கோட்டைகளில் ஒன்று இல்லாமலே போயிற்று. இன்னொன்று அப்படியே நிற்கிறது.

வோபான் 1698-ல் மன்னர்முன் மூன்று வரைபடங்களை வைத்தார். மூன்றாவதுதான் மிகவும் விரிவானது, செலவும் அதிகம். மன்னர் அதையே தேர்ந்தெடுத்தார். ஐம்பதுக்கும் மேற்பட்ட முற்றுகைகளை நடத்திய ஒருவர், கோட்டைகளை எப்படிப் பிடிப்பது என்று வாழ்நாள் முழுக்கக் கற்றவர், பிடிக்க முடியாத கோட்டை எப்படி இருக்கும் என்று தாளில் போட்ட கணக்கு அது. உள் மதிலின் எட்டு மூலைகளில் எட்டுக் கோபுரக் கொத்தளங்கள். அவற்றுக்கு முன்னால் மதிலோடு ஒட்டாமல் தனியாக நிற்கும் பெரிய கொத்தளங்கள். அதற்கும் முன்னால் முக்கோண வடிவ அரண்கள். எந்த இடத்தில் எதிரி நின்றாலும் இரண்டு பக்கமிருந்து சுட முடியும். மறைந்துகொள்ள ஒரு மூலைகூடக் கிடைக்காது. வெளி அரண் விழுந்தாலும் உள் மதில் தனியாகப் போரிடும். நிபுணர்கள் வோபானின் மூன்றாவது முறை என்று சொல்லும் இந்த அமைப்பு முழுமையாக எழுந்த ஒரே இடம் நெஃப்-பிரிசாக்தான்.

கல்லுக்கு எங்கே போவது? சமவெளியில் பாறை கிடையாது. மேற்கே வோஜ் மலையடிவாரத்தில் ரூஃபாக் பக்கத்துக் குவாரிகளிலிருந்து இளஞ்சிவப்பு மணற்கல்லைக் கொண்டுவர ஒரு கால்வாயே வெட்டினார்கள். படகில் கல் வந்தது. ஊரின் நான்கு வாசல்களுக்கும் திசைக்கு ஒன்றாக கோல்மார், ஸ்திராஸ்பூர், பாசெல், பெல்ஃபோர் என்று பெயர்கள். கோட்டைக்குள்ளே தெருக்கள் கட்டம் போட்ட தாளில் வரைந்ததுபோல நேராக ஓடி, நடு மைதானத்தில் வந்து சேர்கின்றன. அங்கே மூலைக்கொன்றாக நான்கு கிணறுகள். முற்றுகைக் காலத்தில் தண்ணீருக்கு வெளியே போக வேண்டியதில்லை.

இவ்வளவும் கட்டியபின் நடந்ததுதான் வரலாற்றின் விசித்திரம். 1703-ல் பிரெஞ்சுப் படை ஆற்றைத் தாண்டிப் பழைய பிரைசாக்கை மறுபடி பிடித்தது. முற்றுகையை வழிநடத்தியவர் வோபானேதான். அந்த நகரின் அரண்களை முன்பு பலப்படுத்தியதும் அவரேதான். அதுவே அவர் நடத்திய கடைசி முற்றுகையாகவும் ஆயிற்று. புதுக் கோட்டையோ 1870 வரை பெரிய சோதனை எதையும் சந்திக்கவில்லை. அந்த ஆண்டு பிரஷ்யப் படை வந்தபோது பீரங்கிகள் மாறிப்போயிருந்தன. வெகு தூரத்திலிருந்தே ஊரின்மேல் குண்டு மழை. நவம்பர் 10 அன்று கோட்டை சரணடைந்தது. அடுத்த ஆண்டு அல்சாஸின் பெரும் பகுதி ஜெர்மனியின் கைக்குப் போனது. 1918-ல் பிரான்சுக்கு வந்தது. 1940-ல் திரும்ப ஜெர்மனி. 1945-ல் திரும்பப் பிரான்ஸ், அதுவும் குண்டுவீச்சில் ஊரின் பெரும் பகுதி சிதைந்தபிறகு. எழுபத்தைந்து ஆண்டுகளுக்குள் நான்கு முறை தேசம் மாறியது. அந்தக் காலத்தில் இங்கே பிறந்து மூப்படைந்த ஒருவர் வீட்டைவிட்டு நகராமலேயே நான்கு முறை நாடு மாறியிருப்பார்.

2008-ல் யுனெஸ்கோ வோபானின் கோட்டைகளில் பன்னிரண்டை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது நெஃப்-பிரிசாக்கும் அதில் இடம்பெற்றது. பட்டியலில் இடம் கிடைத்தால் பெருமை வரும். ஆனால், ஆயிரக்கணக்கான வீரர்களுக்குக் கட்டிய மதிலறைகளை வைத்துக்கொண்டு 2,000 பேர் வாழும் ஊர் என்ன செய்யும்? காலியாகக் கிடக்கும் கோட்டைக்கு ஒரு பயன் வேண்டும். ழுரா பகுதியில் பழைய இரும்புப் பட்டறை ஒன்றில் தெரு ஓவிய அருங்காட்சியகம் தொடங்கியவர்கள் இந்த அறைகளுக்கு வந்தது அப்படித்தான்.

மோசா வோபானின் முறை எளிது. உலகின் பல ஊர்களிலிருந்து ஓவியர்களை வரவழைத்து, அங்கேயே தங்கவைத்து, ஆளுக்கொரு சுவர் கொடுப்பது. வெளியே வரைந்ததை வெட்டிக்கொண்டு வந்து உள்ளே மாட்டும் இடம் அல்ல இது. ஓவியர் வந்து, அறையைப் பார்த்து, வளைவையும் இருட்டையும் சுவரின் அகலத்தையும் மனத்தில் வாங்கி, அந்த இடத்துக்கென்றே வரைகிறார். சட்டம் போட்ட படத்தைக் கழற்றி ஏலத்துக்கு அனுப்பலாம். மூன்று நூற்றாண்டுப் பழைய கோட்டைச் சுவரைக் கழற்ற முடியாது.

அங்கே வரைந்தவர்களின் பாணியைப் பார்த்தால் இந்தக் கலை எத்தனை விதமானது என்று புரியும். பெல்ஜியத்தின் தெனி மெயெர்ஸ் எழுத்துகளை வைத்தே ஓவியம் செய்பவர். 2016-ல் பிரஸ்ஸல்ஸில் இடிக்கவிருந்த ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தின் உட்சுவர்களை எல்லாம் தன் வாழ்க்கையின் சொற்களாலும் முகங்களாலும் கறுப்பில் நிரப்பினார். இங்கிலாந்தில் பிறந்து பிரிட்டனி பகுதியில் வாழும் கை டென்னிங் கரித்துண்டின் கோடுகளால் வேதனைப்படும் மனித முகங்களைக் கொண்டுவருபவர். செத் என்ற பெயரில் வரையும் பிரெஞ்சுக்காரர் ழூலியன் மலான், முகம் காட்டாத குழந்தைகளை வரைகிறார். நமக்கு முதுகைக் காட்டி, வண்ணச் சுழலுக்குள் தலையை நுழைத்து நிற்கும் பிள்ளைகள். லெவாலே என்பவர் ஆளுயர உருவங்களைக் காகிதத்தில் கறுப்பு மையால் வரைந்து, பசை தடவிச் சுவரில் ஒட்டுவார். ஒட்டும் இடத்தில் ஒரு குழாயோ சன்னலோ விரிசலோ இருந்தால் அதுவும் கதையில் ஒரு பாத்திரமாகிவிடும்.

ஸ்ப்ரே பெயின்ட், அட்டையில் வெட்டிய அச்சு, பசைக் காகிதம். இந்த மூன்று கருவிகளும் தெருவுக்கு வந்ததன் காரணம் ஒன்றுதான்: வேகம். போலீஸ் வருவதற்குள் முடிக்க வேண்டும். பிரான்சின் தண்டனைச் சட்டத்தில் 322-1 என்ற பிரிவு இன்றும் இருக்கிறது. அனுமதியில்லாமல் அடுத்தவர் சுவரில் எழுதினால், சேதம் சிறியதாக இருந்தாலும் 3,750 யூரோ வரை அபராதம். சேதம் பெரிது என்றால் இரண்டு ஆண்டு சிறை வரை போகலாம். அட்டை அச்சை வீட்டிலேயே நிதானமாக வெட்டி வைத்துக்கொண்டால், சுவர்முன் நிற்க வேண்டியது சில விநாடிதான். 1981-ல் பாரிஸ் தெருக்களில் எலிகளை அச்சடித்துப் பரப்பிய பிளெக் லெ ரா இந்த உத்தியால்தான் ஒரு தலைமுறைக்கே வழிகாட்டினார்.

அவருக்கும் முன்னால், 1966-ல், எர்னஸ்ட் பின்யோன்-எர்னஸ்ட் என்ற இளைஞர் தெற்கு பிரான்சின் அல்பியோன் பீடபூமிக்குப் போனார். அரசு அங்கே அணு ஏவுகணைத் தளம் அமைக்கத் தீர்மானித்திருந்தது. ஹிரோஷிமாவில் குண்டு வெடித்தபோது ஆள் எரிந்துபோய் நிழல் மட்டும் சுவரில் பதிந்திருந்த புகைப்படம் ஒன்று உண்டு. அந்த நிழலை அச்சாக வெட்டி, பீடபூமியின் பாறைகளிலும் சுவர்களிலும் பதித்தார். பிரெஞ்சுத் தெரு ஓவியத்தின் முதல் வரிசைப் படைப்புகளில் ஒன்று போருக்கு எதிரான நிழலாக இருந்தது. போருக்காகவே கட்டிய மதிலுக்குள் இன்று அந்தக் கலை வந்திருப்பதைப் பார்க்கும்போது இந்தத் தொடர்ச்சியை மறக்கக் கூடாது.

எல்லைச் சுவர் என்றால் பெர்லினையும் சொல்லாமல் இருக்க முடியாது. லியோன் நகரைச் சேர்ந்த தியெரி நுவார் 1984-ல் பெர்லின் சுவரின் மேற்குப் பக்கத்தில் வரையத் தொடங்கினார். பெரிய உதடும் ஒற்றைக் கண்ணுமாகப் பக்கவாட்டில் பார்க்கும் தலைகள், பளீர் நிறங்கள். சுவர் நின்ற நிலம் கிழக்கு ஜெர்மனிக்குச் சொந்தம் என்பதால், அந்த நாட்டுக் காவலர்கள் எந்த நேரமும் வந்து பிடிக்கலாம். சுவர் விழுந்தபின் 1990-ல் 21 நாடுகளிலிருந்து 118 ஓவியர்கள் வந்து, எஞ்சி நின்ற 1.3 கிலோமீட்டர் நீளத்துக்கு வரைந்தார்கள். நுவாரும் அதில் ஒருவர். சுவரின் பெரும் பகுதியை இடித்த மக்கள், வரைந்த பகுதியைக் காப்பாற்றி வைத்தார்கள்.

இங்கேதான் கஷ்டமான கேள்வி. காப்பாற்றுவது என்றால் எப்படி?

நியூயார்க்கில் 5பாயின்ட்ஸ் என்ற பழைய தொழிற்சாலைக் கட்டடம் முழுக்க ஓவியங்கள் இருந்தன. 2013 நவம்பரில் உரிமையாளர் ஒரே இரவில் எல்லாவற்றுக்கும் வெள்ளையடித்தார். வழக்கு நடந்து, 2018-ல் 21 ஓவியர்களுக்கு 67.5 லட்சம் டாலர் இழப்பீடு தர வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. ஓவியங்கள் திரும்பி வரவில்லை. பாரிஸில் பத்தக்லான் அரங்கின் பின்கதவில் தெரு ஓவியர் பாங்க்ஸி வரைந்திருந்த துயரமுகப் பெண்ணைக் கதவோடு அறுத்துத் தூக்கிப் போனார்கள். 2019 ஜனவரியில் திருட்டு, அடுத்த ஆண்டு இத்தாலியில் ஒரு பண்ணை வீட்டில் கண்டெடுப்பு. 2015 நவம்பர் தாக்குதலில் 90 பேர் உயிரிழந்த அரங்கின் கதவு அது. அந்தக் கதவிலிருந்து பிரித்துவிட்டால் அந்தப் பெண்ணின் துயரத்துக்கு என்ன பொருள்?

இத்தாலியின் போலோன்யாவில் நடந்தது இன்னும் கூர்மையானது. தெரு ஓவியங்களைச் சுவரிலிருந்து பெயர்த்தெடுத்து, டிக்கெட் போட்டுக் காட்டும் கண்காட்சி ஒன்றை 2016-ல் ஏற்பாடு செய்தார்கள். அந்த நகரில் இருபது ஆண்டாக வரைந்துவந்த ப்ளூ என்ற ஓவியர், கேட்காமல் எடுத்ததைக் கண்டித்து, ஊர்முழுக்க எஞ்சியிருந்த தன் ஓவியங்களைத் தானே சாம்பல் நிறம் பூசி அழித்தார். நண்பர்களும் வந்து உதவினார்கள். தன் பிள்ளையைத் தானே மறைப்பது சாதாரண முடிவல்ல. அவர் பக்கம் நியாயம் இருந்தது என்றே இந்தக் கட்டுரை கருதுகிறது.

நெஃப்-பிரிசாக்கின் வழி மாறுபடுவது இந்த இடத்தில்தான். யாருடைய ஓவியத்தையும் தெருவிலிருந்து பிரித்து எடுத்து வரவில்லை. ஓவியர் தன் விருப்பத்தோடு வந்தார், சுவரைத் தானே பார்த்தார், தெரிந்தே வரைந்தார். இழப்பும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. தெருவில் ஓவியத்தைப் பார்க்க யாரும் காசு கொடுப்பதில்லை. வேலைக்குப் போகிறவர், பால் வாங்க வந்தவர், பள்ளிக்கு ஓடும் பிள்ளை என்று எல்லோருக்கும் எதிர்பாராமல் கிடைக்கும். மதிலறைக்குள் வந்தவருக்குத் தான் என்ன பார்க்க வந்தோம் என்று முன்பே தெரியும். அந்தத் திடீர்ச் சந்திப்பை எந்த அருங்காட்சியகமும் தர முடியாது. வெயிலும் மழையும் போஸ்டரும் போட்டியாளரின் பெயின்ட்டும் அரித்து அரித்து ஓவியத்தை மாற்றும் வாழ்க்கையும் உள்ளே கிடையாது.

ஆனாலும் கிடைப்பது பெரிது. தெருவில் இரண்டு நிமிடம் நின்று பார்க்கும் படத்தை இங்கே அரைமணி நேரம் பார்க்கலாம். ஸ்ப்ரே மூக்கை மாற்றினால் கோடு எப்படி மெலியும், பல அடுக்கு அட்டை அச்சில் நிழல் எப்படி உருவாகும், காகிதம் சுவரோடு சேரும் ஓரம் எப்படி இருக்கும் என்று பக்கத்தில் போய்க் கற்கலாம். பிள்ளைகளைக் கூட்டிவரும் ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல வகுப்பறை கிடைக்காது.

வோபானையும் இந்த ஓவியர்களையும் சேர்க்கும் ஒரு செய்தி உண்டு. நாடு முழுக்கக் குதிரையில் சுற்றிய அந்தத் தளபதி, வரிச்சுமையில் நசுங்கும் ஏழைகளைக் கண்ணால் பார்த்தவர். பிரபுக்கள் உட்பட எல்லோரும் வருமானத்துக்கேற்ப வரி கட்ட வேண்டும் என்று ஒரு நூல் எழுதி, 1707-ல் அரசின் அனுமதியில்லாமலே அச்சிட்டு வெளியிட்டார். மன்னரின் ஆலோசனை சபை அதைத் தடை செய்தது. சில வாரங்களில் அவர் இறந்துபோனார். மார்ஷல் பட்டம் பெற்றவருக்கே சொல்ல வேண்டியதைச் சொல்ல அனுமதி கிடைக்கவில்லை. பாரிஸ் சுவர்களில் பெண்ணுருவங்களோடு தன் வரிகளையும் அச்சடித்துவந்த மிஸ்டிக் 1997-ல் கைதாகி, அபராதம் கட்ட நேர்ந்தது. அதே குடியரசின் தபால் துறை 2011 மகளிர் தினத்துக்கு அவர் படங்களைத் தபால்தலையாக வெளியிட்டது. 2022-ல் அவர் மறைந்தபோது நாடே அஞ்சலி செலுத்தியது. அனுமதி தாமதமாக வருவது பிரான்சில் பழைய வழக்கம்.

நெஃப்-பிரிசாக் வரை வந்தவர்கள் ஆற்றைத் தாண்டாமல் திரும்பக் கூடாது. பாறைமேல் நிற்கும் பிரைசாக்கின் செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தில், மேற்குச் சுவர்ப் பக்கம் மார்ட்டின் ஷோன்கவர் வரைந்த கடைசித் தீர்ப்பு நாள் ஓவியம் இருக்கிறது. கோல்மாரில் பிறந்து ஐரோப்பா முழுக்கப் புகழ்பெற்ற ஓவியர் அவர். 1480-களின் இறுதியில் தொடங்கிய வேலை, 1491-ல் அவர் இந்த ஊரிலேயே இறக்கும்வரை நடந்தது. நிறம் பல இடங்களில் மங்கிவிட்டது, உருவங்கள் பாதி கரைந்துவிட்டன. ஆனாலும் ஐந்நூறு ஆண்டுக்கு மேலாகச் சுவரை விட்டு நகரவில்லை. ஒரே நாளில் இரண்டு கரைகளிலும் இரண்டு சுவர்களைப் பார்ப்பவருக்குச் சுவர் ஓவியத்தின் வயது விளங்கும்.

1950 ஜூலை 9 அன்று இந்த பிரைசாக் மக்களிடம், ஒன்றுபட்ட சுதந்திர ஐரோப்பா வேண்டுமா என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள். போரில் ஊர் தரைமட்டமாகி ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்தன. 95.6 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். இன்று பாலத்தில் நிரந்தரமான பாஸ்போர்ட் சாவடி இல்லை. ஆனால் 1945-ல் தகர்ந்த ரயில் பாலம் ரயிலுக்காக மறுபடி எழவில்லை. கோல்மாருக்கும் ஜெர்மனியின் ஃபிரைபூர்குக்கும் இடையே ஒரு காலத்தில் நேராக ஓடிய ரயில் இன்னும் ஓடவில்லை. அந்தத் தண்டவாளத்தையும் இரு நாடுகளும் சேர்ந்து போட்டுவிட வேண்டும்.

போக நினைப்பவர்களுக்கு: ஸ்திராஸ்பூரிலிருந்தோ பாசெலிலிருந்தோ ரயிலில் கோல்மார் வந்து, அங்கிருந்து பேருந்து பிடித்தால் சுமார் 15 கிலோமீட்டரில் நெஃப்-பிரிசாக். அருங்காட்சியகம் எந்த மாதங்களில், எந்தக் கிழமைகளில் திறக்கிறது என்பதைக் கிளம்புமுன் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மதிலறைகளில் கோடையிலும் குளிர் இருக்கும், ஒரு ஸ்வெட்டர் கையில் இருக்கட்டும். பெல்ஃபோர் வாசலில் வோபான் பற்றிய சிறிய அருங்காட்சியகமும் இருக்கிறது. அகழிக்குள் இறங்கிக் கோட்டையைச் சுற்றி நடக்க டிக்கெட் எதுவும் வேண்டாம்.